எங்கள் வீட்டு மூன்று ஓட்டு

செப்டம்பர் 19, 1993

பழுப்புப் பசு இன்றும் உதைத்தது. மாப்பிள்ளை தோனேவுக்கு முழங்காலில் வீக்கம். உதை வாங்கியும் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். மாட்டிடம் இருக்கும் பேச்சு அவருக்கு மனிதரிடம் கிடையாது.

கிழங்கு தோண்டி முடிந்தது. சாப்பாட்டில் இர்மா கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அம்மா, நான் எலெக்‌ஷன்ல நிக்கிறேன்.”

எந்தக் கட்சி என்று கேட்டேன். மாகாணத்தை ஆளும் ஜெர்மன்காரர்களின் பெரிய கட்சி என்றால் தோலை உரிக்கிற சாக்கு எதற்கு?

“நம்ம கட்சி. லடீன் கட்சி.”

லடீன் பேசுகிறவர்களுக்கென்று ஒரு கட்சி. நாலைந்து வாத்தியார், ஒரு மரச்சிற்பி, ஒரு ஓட்டல்காரர். எல்லாரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். வடக்கே ஜெர்மன் பேசுகிறவர்கள், தெற்கே இத்தாலியர்கள், நடுவில், இத்தாலியின் இந்த வடக்கு மலைப்பிளவில் நாம். மாகாண சபையில் நம் பேச்சுக்கென்று ஒரு நாற்காலியாவது வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். யார் இல்லை என்றது? என் மகள்தான் கிடைத்தாளா?

செப்டம்பர் 20

சூப்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

செப்டம்பர் 26

ஞாயிறு. பூசை முடிந்து வரும்போது கோஸ்தா வீட்டு ஹூபர்ட் எனக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னான். வழக்கமாகச் சொல்வதுதான். இன்று தொப்பி ஒரு விரல்கடை கூடுதலாக உயர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஆறு வீடு. இங்கே வீட்டின் பெயர்தான் ஆளின் பெயர். நாங்கள் பிரதேல்காரர்கள், எல்லாருக்கும் மேலே, காட்டு ஓரம். எங்களுக்கு அடுத்துக் கீழே கோஸ்தா. எங்கள் பாதை கோஸ்தா வீட்டு முற்றத்தின் நடுவே போகிறது. பால் கேன் இறங்குவதும், இர்மாவின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், என் புருஷனின் சவப்பெட்டி போனதும் அந்த முற்றம் வழியாகத்தான். அந்த ஹூபர்ட்தான் இங்கே பெரிய கட்சிக்குக் கையும் காலும். பனிக்காலத்தில் பாதையைச் சுத்தம் செய்யும் டிராக்டரும் அவனுடையது.

இதெல்லாம் இர்மாவுக்குத் தெரியாததில்லை. ஒன்றுதான் தெரியாது — ஒரு குடியிருப்பு வாயைத் திறக்காமலே ஒரு வீட்டை என்ன செய்யும் என்பது.

எனக்குத் தெரியும். முப்பத்தொன்பதில் எனக்கு ஏழு வயது. இரண்டு அரசும் பேசி வைத்துக்கொண்டு, ஜெர்மனிக்குப் போகிறாயா, இத்தாலியிலேயே இருக்கிறாயா என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஐந்து வீடும் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டது. என் அப்பா மட்டும், “என் பசு வேற ஊர்ப் புல்லைத் தின்னாது” என்று சொல்லிவிட்டார். அந்த டிசம்பரில் பொது அடுப்பில் ரொட்டி சுடும் முறை எங்களுக்கு வந்தது. அம்மா பிசைந்த மாவைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். கோஸ்தா வீட்டு விஜோ — இந்த ஹூபர்ட்டின் அப்பன், அப்போது பதினேழு — ரொட்டி தள்ளும் நீளப் பலகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அடுப்பு வாயில் நின்றான். ஒரு வார்த்தை இல்லை. அம்மா மாவோடு திரும்பினாள். வீட்டுக் கணப்பில் சுட்ட ரொட்டி வெளியே கரி, உள்ளே களி. அந்தக் குளிர்காலம் முழுக்க அதைத்தான் தின்றோம்.

கடைசியில் ஜெர்மனிக்குப் போனது விஜோ ஒருவன்தான், பட்டாளத்துக்கு. நாற்பத்தாறில் மெலிந்து திரும்பிவந்தான். அதற்குப் பிறகு நான் அவனோடு பேசியது “வழியை விடு”, “மாடு வருது” — இவ்வளவுதான். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

அக்டோபர் 4

தேர்தல் துண்டுப் பிரசுரம் அச்சாகி வந்துவிட்டது. படத்தில் இர்மா சிரிக்கிறாள். என் மூக்கு. கீழே வீட்டுப் பெயரையும் போட்டிருக்கிறார்கள். வீட்டை ஏன் போட வேண்டும்?

அக்டோபர் 10

சண்டை. பாத்திரம் கழுவும்போது ஆரம்பித்தது.

“இர்மா, அவங்க மனசு கோணுற மாதிரி எதுக்குடி? நமக்குப் பாதை அங்கதான். மாட்டுக்கொட்டாய் கட்ட அனுமதி கேட்டிருக்கோம், அந்தக் குழுவுலயும் ஹூபர்ட்தான்.”

“அம்மா, அம்பது வருஷமா கோஸ்தாக்காரங்களத் திட்டுறது நீ. சோத்துல கல்லு இருந்தாக்கூட விஜோதான் போட்டான்னு சொல்லுவ. இப்ப அவங்க மனசு கோணக் கூடாதுன்னு சொல்றதும் நீதானா?”

“திட்டுறது வேற. நாலு சுவத்துக்குள்ள திட்டுறேன்.”

“அதான். நம்ம எல்லாரும் நாலு சுவத்துக்குள்ளயே லடீன் பேசிக்கிட்டு, நாலு சுவத்துக்குள்ளயே திட்டிக்கிட்டு இருக்கோம். வெளிய வந்தா கையைக் கட்டிக்கிறோம்.”

தோனே துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த தட்டைத் திரும்பவும் துடைத்தார். “மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க” என்றேன். அவர் யோசித்தார். “அத்தை, அவ சொல்றது சரிதான். நீங்க சொல்றதும் சரிதான்” என்றார். இப்படி ஒரு ஆண்பிள்ளை.

கோபத்தில் ஒரு தட்டு உடைந்தது. என் கையில்தான்.

அக்டோபர் 17

கூட்டத்துக்குப் போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மகளைத் தனியாக விட மனசு வரவில்லை.

விடுதியின் பின்கூடம். முப்பது பேர் இருக்கும். எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம். தலைவர், பள்ளிக்கூடத்து வாத்தியார், எழுந்தார். நம் பேச்சு அழிகிறது, நம் பிள்ளைகளின் நாக்கு வேறு பேச்சுக்குத் திரும்புகிறது, இனி எங்கேயும் வெட்கப்படாமல் லடீனில் பேசுவோம் என்று மேசையைத் தட்டினார். கைதட்டல்.

அப்போது கதவு திறந்தது. பச்சைக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு ஆள். எனக்குத் தெரியாத முகம். ஜெர்மனில் வணக்கம் சொல்லிவிட்டுக் கணப்பு ஓரமாக உட்கார்ந்தான்.

வாத்தியார் அடுத்த வாக்கியத்தை ஜெர்மனில் ஆரம்பித்தார். யாரும் மாறச் சொல்லவில்லை, யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை. நம் ஊர்ப் பழக்கம் அது. விளங்காத ஒருவர் முன்னால் நம் பேச்சைப் பேசுவது மரியாதை இல்லை. கேள்வி கேட்டவர்களும் ஜெர்மனில் கேட்டார்கள். ஒரு ஆளுக்காக முப்பது நாக்கு திரும்பிக்கொண்டது.

இர்மா தன் பேச்சை லடீனில் எழுதி, ஒரு வாரமாகத் தொழுவத்தில் மாடுகளுக்குச் சொல்லிக் காட்டியிருந்தாள். அதை அங்கேயே வார்த்தை வார்த்தையாக மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. வார்த்தைக்கு வார்த்தை தடுக்கினாள். முகம் சிவந்துவிட்டது. நான் அந்த ஆளின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் அனுப்பிய ஆள்? பெயர்களை மனசுக்குள் குறித்துக்கொள்கிறானா? என்னைப் பார்த்தானா? பார்த்தான்.

கடைசியில் அவன் கையைத் தூக்கினான்.

“எனக்காகக் கஷ்டப்படாதீங்க. என் பொண்டாட்டி கொர்வாரா ஊர்க்காரி. லடீன் நல்லாவே விளங்கும். நான் சும்மா பஸ்ஸுக்கு நிக்கிறேன், வெளிய குளிரு.”

கூடமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துக்கொண்டே, “அப்படின்னா சரி, ரொம்ப நன்றி” என்றார். ஜெர்மனில். பிறகு கூட்டம் முடியும்வரை ஜெர்மனிலேயே நடந்தது. திரும்பவும் மாற எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது போல.

நானும் சிரித்தேன். வரும் வழியில் இர்மா அழுதாள்.

அக்டோபர் 19

சிரித்தது போதும். பால் கேனோடு போன தோனேயை ஹூபர்ட் முற்றத்தில் நிறுத்திக் கேட்டானாம்: “கூட்டத்துல பெரியம்மா முன்வரிசையாமே? கணப்புக்குப் பக்கத்துல உக்காரக் கூடாதா, வயசானவங்க?” யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வரைக்கும் போயிருக்கிறது. பச்சைச் சட்டைக்காரனுக்கு நான் யாருக்கு அத்தை, யாருக்குப் பெரியம்மா என்று எப்படித் தெரியும்? சொன்னது நம்மவர்களில் ஒருவர். அன்றைக்குக் கைதட்டிய கைகளில் ஒன்று.

எந்தக் கை? முப்பது முகத்தையும் வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றையும் தள்ள முடியவில்லை.

நவம்பர் 1

கல்லறைக்குப் போனோம். எங்கள் கல்லறையும் கோஸ்தாக்காரர்களின் கல்லறையும் பக்கத்தில் பக்கத்தில். உயிரோடிருந்தபோது பாதை ஒன்று, செத்த பிறகு வேலி ஒன்று. என்ன பகை இருந்தாலும், தன் குடும்பத்துக் கல்லறைக்குத் தெளித்த பிறகு பக்கத்துக் கல்லறைக்கும் தீர்த்தம் தெளிப்பது இங்கே வழக்கம். முப்பத்தொன்பதில்கூட அது நிற்கவில்லை. நானே விஜோவின் அம்மாவுக்குத் தெளித்திருக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்று ஹூபர்ட்டின் பெண்டாட்டி புர்கா தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தாள். இடது பக்கம் தெளித்தாள். பின்னால் திரும்பித் தெளித்தாள். எங்களிடம் வந்ததும் தேவதாருக் கிளையைத் தீர்த்தப் பாத்திரத்தில் போட்டுவிட்டு மூடியை மூடினாள்.

விஜோ பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனும் பார்த்தான்.

நான் கோஸ்தாக் கல்லறைக்குத் தெளித்தேன். பாதித் தண்ணீர் என் காலணியில்.

செத்தவர்களையே விட்டுவிட்டார்கள் என்றால் இனி எங்களை என்ன செய்வார்கள்?

நவம்பர் 9

விடிந்ததிலிருந்து பனி. முழங்காலுக்கு மேல். டிராக்டர் சத்தம் கேட்டது. கோஸ்தா முற்றம் வரைக்கும் வந்தது. ஜன்னலில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் திரும்பிக் கீழே போய்விட்டது.

தோனேயும் இர்மாவும் மண்வாரியால் வழியெடுத்தார்கள். முற்றத்தை எட்டும்போது பால் லாரி போய்விட்டது. பாலைக் கன்றுக்கும் பன்றிக்கும் ஊற்றினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை, அதுகளுக்குக் கொண்டாட்டம்.

கேட்டதற்கு ஹூபர்ட், “பனி தள்ளுற பிளேடுல விரிசல், மேட்டுல ஏறாது” என்றானாம். காவல் நிலையத்தில் போய்ச் சொல்லவா முடியும், பக்கத்து வீட்டுக்காரனின் பிளேடில் விரிசல் என்று?

நவம்பர் 10

இன்றும் பிளேடில் விரிசல்.

நவம்பர் 12

ஹூபர்ட் வந்தான். இர்மா பிரசாரத்துக்குப் போன நேரம் பார்த்து. பனியில் நடந்து வந்து, வாசலில் பூட்ஸைத் தட்டி, காலுறையோடு உள்ளே வந்தான். நல்ல பிள்ளை மாதிரி. காப்பி கொடுத்தேன். கொடுக்காமல் இருக்கத் தைரியம் இல்லை.

“பெரியம்மா, ஒரே மூச்சா மேல ஏறி வந்தேன். பாதை எப்படிக் கெடக்குன்னு என் கண்ணாலயே பாத்துட்டேன்.”

“பாத்தியா? சந்தோஷம்.”

“இர்மா கெட்டிக்காரி. எங்க கட்சியில நின்னிருந்தா நானே தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பேன். லடீன்காரங்களுக்கு நாங்க என்ன குறை வெச்சோம்? ரோடு யாரு போட்டா? ஸ்கூல் யாரு கட்டுனா?”

சர்க்கரையை அவன் பக்கம் தள்ளினேன்.

“நான் யாரையும் பயமுறுத்த வரல, பெரியம்மா. ஒரு வீட்டுல எல்லாரும் ஒரே பக்கம் சாயணும்னு இல்லைன்னு சொல்லத்தான் வந்தேன். பெரியவங்க நீங்க, நாலும் தெரிஞ்சவங்க. ஒரு வீட்டுல ஒருத்தராவது நமக்கு வேண்டியவங்கன்னு தெரிஞ்சா, மெஷினுக்கே மேட்டுல ஏற ஒரு தெம்பு வரும்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என் முகம் சிரித்ததை நானே உணர்ந்தேன். சீ.

இர்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் நேரே அந்த முற்றத்துக்குப் போய்ச் சத்தம் போடுவாள். பிறகு?

நவம்பர் 13

கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன். “விலகிடு, இர்மா. இடுப்பு வலின்னு சொல்லிடு.”

“பேரெல்லாம் அச்சாயிடுச்சும்மா.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில்கூட அப்படிப் பிடித்ததில்லை. “நான் ஜெயிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியாதா? நம்ம மேட்டுப் பெட்டியில மூணு ஓட்டு விழும். உன்னோடது, அவரோடது, என்னோடது. மூணு இருக்குன்னு அவங்க எண்ணிப் பாக்கணும். எனக்கு அது போதும்.”

எண்ணிப் பார்க்கணுமாம். அதற்குத்தானே நான் பயந்து சாகிறேன்.

நவம்பர் 21

ஓட்டுப் போட்டோம். மேட்டுக் குடியிருப்புகள் மூன்றுக்கும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெட்டி. வாசலில் ஹூபர்ட், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. “வாங்க பெரியம்மா” என்றான்.

உள்ளே மறைப்புக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். கட்சிச் சின்னத்தில் குறி போட வேண்டும், பக்கத்தில் பெயர் எழுத வேண்டும். இர்மாவின் பெயரை எழுத எனக்குப் படிப்பு போதும். அதை நான்தான் வைத்தேன்.

பனி பெய்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிள்ளைகள், பால், முற்றம் — ஒரு வீட்டில் ஒருத்தராவது —

பெரிய கட்சியின் சின்னத்தில் குறி போட்டேன். பெயர் எழுதும் இடத்தை வெறுமனே விட்டேன்.

வெளியே வந்ததும் இர்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 23

எண்ணிவிட்டார்கள். இர்மா ஜெயிக்கவில்லை. கட்சிக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் உட்காரப்போவது பக்கத்துப் பள்ளத்தாக்கு மரச்சிற்பி. ஒன்றென்றால் ஒன்று. வாத்தியார் போனில் அழுதாராம்.

ஆனால் எங்கள் மேட்டுப் பெட்டியில் இர்மாவின் பெயரைப் பதினொரு தடவை படித்தார்களாம்.

இர்மா சமையலறையில் நின்றுகொண்டு விரலை மடக்கினாள். “நம்ம மூணு போக எட்டு. அம்மா! எட்டுப் பேரு! யாரும்மா அவங்க?”

எட்டு இல்லை. ஒன்பது. என்னால் மட்டும்தான் சரியாக எண்ண முடியும்.

நவம்பர் 26

ஹூபர்ட் வீடு வீடாகப் போகிறான். காப்பி குடிக்கிறான், சிரிக்கிறான், கேட்கிறான். எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை. பால் லாரிக்குக் காத்து நிற்கும்போது முன்பு வாயாடியவர்கள் இப்போது பனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம். எங்கள் வீட்டில் மட்டும் இருந்த பயம் இப்போது ஆறு வீட்டுக்கும் பங்கு பிரிந்திருக்கிறது.

எங்களிடமும் வந்தான். என்னைக் கதவோரம் தனியாகப் பார்த்து, “என்ன பெரியம்மா?” என்றான். ஆமென்று தலையை ஆட்டினேன். அவனுக்குப் புரிந்தது. அவன் முகத்தில் திருப்தி வந்ததும் கதவைச் சாத்தினேன்.

நவம்பர் 28

நேற்று விழுந்த பனிக்கு இன்று டிராக்டர் எங்கள் வாசல் வரைக்கும் வந்தது. எங்கள் வாசலுக்கு மட்டும் இல்லை. எந்த வாசலை விடுவது என்று தெரியாமல் எல்லா வாசலையும் சுத்தமாக வழித்துவிட்டுப் போயிருக்கிறான். அப்படித்தான் தோனே சொல்கிறார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று.

எனக்காக வந்ததா, ஒன்பது பேருக்காக வந்ததா? தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும்.

டிசம்பர் 4

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் விஜோ. எழுபத்தொரு வயசில், பனியில், கோல்கூட இல்லாமல் மேடேறி வந்திருக்கிறான். அவன் கால் எங்கள் வீட்டுக்குள் பட்டு ஐம்பத்து நான்கு வருஷம்.

“உள்ள வரலாமா, பிரதேல்காரி?”

நான் வழியை மறித்துக்கொண்டுதான் நின்றேன். இர்மா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “வாங்க பெரியப்பா” என்றுவிட்டாள்.

உட்கார்ந்தான். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டான்.

“எங்க வீட்டுல சாப்பாட்டுல சத்தம். மூணு நாளா பையன், ‘யாரு போட்டா, யாரு போட்டா’ன்னு. இன்னிக்கு ‘நான்தான்டா போட்டேன்’னு சொல்லிட்டேன். தட்டத் தூக்கிட்டுப் போயிட்டா புர்கா.”

இர்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். “நீங்களா?”

“ஏன் போட்டே?” என்றேன். குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

“கல்லறையில அவ மூடியை மூடுனதப் பாத்தேன்ல.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “முப்பத்தொம்பதுல எங்கப்பன் பயந்து கையெழுத்துப் போட்டான். நான் எங்கப்பனுக்குப் பயந்து நின்னேன், எங்க நிக்கச் சொன்னானோ அங்க. இப்ப பையனுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது பயப்படாம ஒரு காரியம் செஞ்சுட்டுப் போவோம்னுதான்.”

பயமாம். அடுப்பு வாயில் நின்ற அன்றைக்கு அவன் முகத்தில் பயம் இருந்ததா? யோசித்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது — பலகையின் நீளம், மாவின் மேல் போட்டிருந்த துணியின் கட்டம், அம்மாவின் மூச்சு. அவன் முகம் இல்லை. நான் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இர்மா அவன் முன்னால் பார்லி சூப்பை வைத்தாள். கண் கலங்கியிருந்தது. “பாத்தியாம்மா? நம்ம மூணோட பெரியப்பாவோடது நாலு. இன்னும் ஏழு பேரைக் கண்டுபிடிக்கணும்.”

விஜோ ஒரு வாய் குடித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“நீ குடுத்து வெச்சவ, பிரதேல்காரி. என்னை மாதிரி நீ ஒருத்தனுக்கும் பயப்பட வேண்டியதில்ல. உன் சொந்தப் பொண்ணு பேரு, அழுத்தி எழுதிட்டு வந்திருப்ப.”

“குடி, ஆறிடப் போவுது” என்றேன்.

அவன் குடித்து முடித்தான். கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.